நாலு மணிக்கு மேல்

மூன்றாவது கேள்வியே இன்னும் முடிந்தபாடில்லை. மலையடிவாரத் தொகுதி ஒன்றுக்குக் கால்நடை மருந்தகம் கேட்டு எழுந்த உறுப்பினர், மருந்தகத்தைக் கேட்டு முடித்த பிறகும் உட்கார மனசில்லாமல், கட்சித் தலைவரைப் பற்றி விடுதியிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்த எட்டு வரியை நிறுத்தி நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். பேரவைத் தலைவர் மணியின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தார். புகழ்ச்சி நடக்கும்போது மணி அடிக்கிற துணிச்சல் யாருக்கு இருக்கிறது. ஆவுடையம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து பதினெட்டு. கேள்வி நேரம் பதினோரு மணி வரைக்கும்தான். அவளுடைய கேள்வி பட்டியலில் ஏழாவது. நடுவில் நாலு, ஐந்து, ஆறு என்று மூன்று கிடக்கின்றன. ஏழு வராமலே போனாலும் குடி முழுகிவிடாது, அமைச்சரின் பதில் ஏற்கெனவே அச்சாகி எல்லோர் மேஜையிலும் இருக்கிறது, அவை முன் வைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று ஒரு வரியோடு தீர்ந்துவிடும். அப்படியே தீர்ந்துபோனால் நல்லதுதான் என்று ஒரு மனசு கணக்குப் போட்டது. இன்னொரு மனசு அந்தக் கணக்கில் சேராமல் நத்தக்கரையில் செத்துப்போன அந்தப் பெண்ணின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. காலையில் விடுதியில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்த தேடல். நாக்கு நுனியில் இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியவில்லை, நாக்கு நுனிக்கும் வரவில்லை. இசக்கியா, உலகம்மாளா, பேச்சியா. எதை வைத்துப் பார்த்தாலும் அந்த வீட்டில் போய் உட்காரமாட்டேன் என்கிறது. அந்த வீடு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு கை உடைந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். சர்க்கரையை அள்ளிப் போட்ட டீ. சுவரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒட்டுகிற நட்சத்திர ஸ்டிக்கர். புருஷன்காரன் சுடலைக்கண்ணு எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான், விரல் இடுக்கெல்லாம் வாழைக்கறை கறுத்துப்போய். அந்தக் கறை சோப்புக்குப் போகாது, அவளுடைய அய்யாவின் கையிலும் சாகிற வரைக்கும் இருந்தது. கறை ஞாபகம் இருக்கிறது, டீயின் தித்திப்பு ஞாபகம் இருக்கிறது, பெயர் இல்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு இலை அறுக்கப் போனவளைத் தோட்டத்தில் கண்ணாடிவிரியன் கடித்திருக்கிறது. இடது காலில், கணுக்காலுக்கு மேலே. சுடலைக்கண்ணு அவளை பைக்கில் நடுவே உட்கார வைத்து, பின்னால் மச்சானைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நத்தக்கரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பத்தே நிமிஷத்தில் கொண்டுபோய்விட்டான். மருந்து அங்கே இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். குளிர்பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது, நர்ஸ் கதவைத் திறந்து காட்டவே செய்தாள். டாக்டர்தான் இல்லை. நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார், தினமும் போகிற பஸ்தான் அது. டாக்டர் பக்கத்தில் இல்லாமல் அந்த ஊசியைப் போட்டு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்று அந்த நர்ஸ் அழுதாளாம். அவளையும் குறை சொல்ல முடியாது. நாற்பத்தோரு கிலோமீட்டர் தள்ளிப் பெரிய ஆஸ்பத்திரி. ஆட்டோ பிடித்தார்கள். வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கேட் திறந்தபோது ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது சுடலைக்கண்ணு குரல் உயரவில்லை, யார் மேலும் கோபப்படவில்லை. மருந்து உள்ள இருந்துச்சும்மா, நான் கண்ணால பாத்தேன் என்று மட்டும் மூன்று தடவை சொன்னான். அவள், நான் கேக்கேன் தம்பி, சட்டசபையிலேயே கேக்கேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்னபடி கேட்கவும் செய்தாள். எப்படிக் கேட்டாள் என்பதுதான் இப்போது மேஜையில் கிடக்கிறது.

நாலாவது கேள்வி தொடங்கியிருந்தது, ஏரி தூர்வாருவது பற்றி. அவள் கேள்வித்தாளைப் புரட்டி ஏழில் விரலை வைத்தாள். (அ) நத்தக்கரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து இருப்பில் உள்ளதா? (ஆ) இல்லையெனில், எப்போது வழங்கப்படும்? அதற்குக் கீழே அமைச்சரின் பதில். (அ) ஆம். (ஆ) இவ்வினா எழவில்லை. நேற்று சாயங்காலம் பதில் கைக்கு வந்ததிலிருந்து இதை இருபது தடவை படித்தாயிற்று. பொய் ஒரு சொல்கூடக் கிடையாது. மருந்து இருக்கிறதா என்று கேட்டாள், இருக்கிறது என்றார்கள். இருக்கிற மருந்தை இருக்கிறதா என்று கேட்ட புத்திசாலி இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆறு மாதத்துக்கு முன்னால் உதவியாளர் ஐயப்பன் தட்டச்சு அடித்து எடுத்துவந்தபோது அவள் ஒரு காதுகுத்து வீட்டு வாசலில் நின்றிருந்தாள். கார் பானெட்டில் தாளை வைத்து, ஒரு கையில் தாம்பூலப் பையைப் பிடித்துக்கொண்டு, படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். ஐயப்பன் போன வருஷத்துக் கேள்வி ஒன்றைப் பார்த்து ஊர் பேரையும் மருந்து பேரையும் மட்டும் மாற்றி அடித்திருக்கிறான். அவன் என்ன செய்வான், எல்லோரும் அப்படித்தான் அடிக்கிறார்கள். கேள்வி கொடுத்தோம் என்று தொகுதியில் நோட்டீஸ் போட்டால் போதும் என்கிறபோது, எதைக் கேட்டோம் என்பதை யார் பார்க்கிறார்கள். இனி உண்மையான கேள்வியைக் கேட்க ஒரே ஒரு வழிதான் மிச்சம். அமைச்சர் ஆம் என்று சொல்லி உட்கார்ந்ததும் துணைக் கேள்வி கேட்கலாம். நாலு மணிக்கு மேல் அந்த ஊசியை யார் போடுவது. அவ்வளவுதான் கேள்வி. மனசுக்குள் சொல்லிப் பார்க்க ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை.

ஆனால் கொறடா தனபாலன் காலையில் கேன்டீனில் அவள் எதிரே வந்து உட்கார்ந்ததை என்ன செய்வது. பொங்கலை அவர் தொடவே இல்லை. பதில் சாதகமாகத்தானே வந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். எழுந்து கேள்வி எண்ணைச் சொல்லுங்கள், அமைச்சர் பதில் சொல்வார், தலைவருக்கும் அமைச்சருக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள் என்றார். டாக்டர் விஷயத்தை அமைச்சர் தனியாகப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாராம். கடைசிக் கூட்டத்தொடர், வெளியே பத்திரிகைக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள், நம் பக்கத்திலிருந்தே ஒரு குறை எழவேண்டுமா என்று கேட்டார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. எழுந்து போகும்போது, தட்டைத் தூக்கிக்கொண்டே, கடைசியாகத்தான் அதைச் சொன்னார். "அடுத்த வாரம் வேட்பாளர் பட்டியல் எழுத உக்காருறாங்கம்மா. ஒங்க பேரு மேலதான் இருக்கு. அது அங்கேயே இருக்கட்டும்." மிரட்டல் என்று சொல்ல முடியாது. அக்கறை என்றும் சொல்ல முடியாது. ஐந்து வருஷமாக அவர் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது விடுதி அறைக்கு இளநீர் கொடுத்தனுப்பியவரும் அவர்தான். அந்த இளநீரும் இந்தப் பட்டியலும் ஒரே மனிதரிடமிருந்து வருவதுதான் பயமாக இருந்தது. பயம்தான், வேறென்ன, அதைப் போர்வை போட்டு மூட வேண்டியதில்லை. அவள் இன்னொரு தடவை இங்கே வந்து உட்கார ஆசைப்படுகிறாள். தூணுக்குப் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் இருக்கிற இந்த இருக்கை, குனிந்தால் மேஜைக்கடியிலிருந்து வருகிற இந்தப் பழைய மரவாசனை, ஊரில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் எழுந்து நிற்பது, எல்லாம் பிடித்துப்போய்விட்டது. ஊராட்சித் தலைவியாக இருந்தபோது தெருவிளக்குக்கு பல்ப் மாட்டுவதே பெரிய காரியமாக இருந்தது. இங்கே வந்த பிறகு பல்ப் சின்னதாகிவிட்டது. தான் என்ன ஆனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐந்தாவது. பத்து முப்பத்தாறு. இது வசமான கேள்வி, பேருந்து நிலையம், ஆளாளுக்குத் துணைக் கேள்வி கேட்கக் கை தூக்கினார்கள். ஓடட்டும், நன்றாக ஓடட்டும் என்று அவள் நினைத்தாள், நினைத்ததற்காக வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்கிற சொல்லை அவள் அறியாதவளா. அவைக்கு வெளியே வராந்தாவில் அவளுக்கு இரண்டு தடவை அது கிடைத்திருக்கிறது. சந்தையில் பொம்பளைகளுக்கு ஒரு கழிப்பறை, தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குக் காலையில் ஒரு பஸ், தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். சந்தைப் பொம்பளைகள் இன்றைக்கும் கருவேலங்காட்டுக்குத்தான் போகிறார்கள். அவள் இரண்டு வருஷம் உறுதிமொழிக் குழுவில் இருந்தவள். அமைச்சர் அவையில் எழுந்து நின்று செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதை அவைக் குறிப்பிலிருந்து பிடுங்கி ஒரு எண் போட்டு, ஆச்சா ஆச்சா என்று துறையைத் துரத்திக்கொண்டே இருக்கிற குழு அது. மந்திரி மாறினாலும் ஆட்சியே மாறினாலும் அந்த எண் சாகாது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் வாங்கிய உறுதிமொழிக்கு அவள் கண் முன்னாலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது. தேதியோடு சொன்னது என்றால் இன்னும் விசேஷம், அதிகாரிகள் வேர்த்துப்போய் வந்து நிற்பார்கள். வராந்தாவில் சொன்னதற்கு எண் கிடையாது. இது தனபாலனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு பேரும் பொங்கல் தட்டுக்கு முன்னால் தலையாட்டினார்கள்.

போன வாரம் நூலகத்துக்குப் போயிருக்கக் கூடாது. சும்மா ஒரு ஆசை, ஐந்து வருஷத்தில் நாம் என்ன பேசினோம் என்று பார்க்கலாமே என்று. நூலகர் கெட்டி அட்டை போட்ட அட்டவணைப் புத்தகங்களை எடுத்து வைத்தார். உறுப்பினர் பெயர், பேசிய பொருள், பக்க எண். அவளுடைய பெயருக்குக் கீழே பதினோரு வரி இருந்தது. எட்டு வரியில் நன்றி தெரிவித்தல். இரண்டு வரியில் குறுக்கீடு. ஒரு வரியில் கேள்வி, அதுவும் அமைச்சரின் பதில் மேஜையில் வைக்கப்பட்டது. குறுக்கீடு என்னவாக இருக்கும் என்று பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் பேசும்போது, உட்காருங்கள் என்று அவள் சொன்னது பதிவாகியிருந்தது. எப்போது சொன்னாள், ஏன் சொன்னாள், ஒன்றும் நினைவில்லை. நடுமேஜையில் உட்கார்ந்து தலை நிமிராமல் எழுதுகிற அந்தச் சுருக்கெழுத்துக்காரர்கள் அதையும் மதித்து எழுதியிருக்கிறார்கள். அவளுக்கு அங்கேயே சிரிப்பு வந்தது, நூலகர் என்னம்மா என்று கேட்டார், ஒன்றுமில்லை என்று மூடிக் கொடுத்தாள். வெளியே வந்து படியில் நின்றபோதுதான் இல்லாததை எண்ணினாள். அந்தப் பதினோரு வரியில் நத்தக்கரை இல்லை, சந்தை இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இல்லை. அந்தப் பெண்ணின் பெயராவது வரட்டும் என்று அன்றைக்குத்தான் நினைத்தாள். பெயர் சொல்லி ஒரு தடவை பேசினால் போதும், என்றைக்காவது யாராவது புரட்டும்போது இருக்குமே. அப்போதுகூடப் பெயர் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கோப்பில் மனு இருக்கும். அதை ஏன் முதலிலேயே பார்க்கவில்லை. மேஜைக்கடியிலிருந்து பையை எடுத்துச் சத்தமில்லாமல் கோப்பைப் பிரித்தாள். சுடலைக்கண்ணு கொடுத்த மனுவின் நகல், கிளைச் செயலாளர் எழுதிக் கொடுத்தது. மனுதாரர் சுடலைக்கண்ணு, தகப்பனார் பெயர், கதவு எண், எனது மனைவி பாம்பு கடித்து மரணமடைந்துவிட்டார், எனது மனைவிக்கு ஊசி போட மருத்துவர் இல்லை, எனது மனைவியைப் போல் இனி ஒருவருக்கும் நேராதிருக்க. கீழே செல்போன் எண். மூன்று மனைவி, ஒரு பெயர் இல்லை. அவள் கோப்பை மூடாமல் அப்படியே வைத்திருந்தாள். மறுபடியும் அந்த நீல நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். முதலில் என்ன கேட்டோம். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டோம், இரண்டு. என்ன வயசு, முப்பத்து நாலு. எந்தக் கால், இடது. எத்தனை மணிக்கு, ஐந்தரை. சான்றிதழ் வாங்கியாச்சா, வாங்கியாச்சு. என்ன பாம்பு என்று கேட்டோம், கண்ணாடிவிரியன் என்று மச்சான்காரன் சொன்னான். வாசலில் நின்ற பொம்பளைகள் சுடலை பொண்டாட்டி என்றார்கள், பிள்ளைகள் எங்கம்மா என்றன, கிளைச் செயலாளர் இறந்துபோன அம்மா என்றார். இருபது நிமிஷம் இருந்தாள் அந்த வீட்டில், ஒவ்வொரு நிமிஷமாகப் புரட்டிப் பார்க்கிறாள், எந்த நிமிஷத்திலும் அவள் வாய் அதைக் கேட்கவில்லை. மறந்துபோகவில்லை. கேட்கவே இல்லை. பாம்பின் பெயரைக் கேட்டிருக்கிறாள். காலையிலிருந்து தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த தேடல் நின்றுவிட்டது. இல்லாத இடத்தில் இவ்வளவு நேரம் தேடியிருக்கிறோம் என்று நினைத்தாள். தன் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது.

"அக்கா, ஆறாம் நம்பர் ஆளு வரல" என்று பக்கத்து இருக்கை மரியசூசை குனிந்து சொன்னார். கடற்கரைத் தொகுதிக்காரர், ஐந்து வருஷமாக அவளுக்கு ஏலக்காய் மிட்டாய் கொடுக்கிறவர். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பத்து மூன்று. ஐந்தாவது கேள்வி முடிந்திருந்தது. ஆறாவது உறுப்பினரின் பெயரைப் பேரவைத் தலைவர் இரண்டு தடவை அழைத்துவிட்டு, அவையில் இல்லை என்று சொல்லித் தாளைத் திருப்பினார். ஏழு நிமிஷம் சும்மா கையில் வந்து விழுந்தது. கேள்வி எண் ஏழு, உறுப்பினர் ஆவுடையம்மாள் என்று ஒலிபெருக்கியில் கேட்டது. எழுந்தபோது முழங்கால் வழக்கம்போல் ஒரு சொடக்குப் போட்டது. ஒலிவாங்கியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. கேள்வி எண் ஏழு என்றாள். சுகாதார அமைச்சர் பாதி எழுந்து, ஆம், இவ்வினா எழவில்லை என்று வாசித்துவிட்டு உட்கார்ந்து, பக்கத்து அமைச்சரோடு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். தனபாலன் முன் வரிசையிலிருந்து திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் கையில் ஐயப்பன் எழுதிக் கொடுத்த நன்றித் தாள் இருந்தது, சத்தமாக வாசித்தால் ஒன்றரை நிமிஷம் வரும். அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். பேரவைத் தலைவரின் விரல் மணி மேல் போய் உட்கார்ந்தது. நன்றிதானே என்று அவை காதைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தது.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே. நத்தக்கரையில் மருந்து இருக்கிறது. நாலு மணிக்கு மேல் அந்த ஊசியைப் போடுவது யார்?"

சொல்லி முடித்துவிட்டாள். முடிந்துவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. பேரவைத் தலைவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார், அவள் நிற்கிறாளே, நன்றி வரும் என்று. சுருக்கெழுத்துக்காரர்களில் ஒருவர் தலையை நிமிர்த்தினார், ஐந்து வருஷத்தில் அவர் முகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எதிர்வரிசையில் யாரோ மேஜையைத் தட்டினார்கள், அப்புறம்தான் அமைச்சருக்கு உறைத்தது. எழுந்தார், தாளைப் புரட்டினார், அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிற பக்கம் திரும்பினார். அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு கை மாறிக் கை மாறி வந்தது. அதைப் பிரித்து, என்ன எழுதியிருக்கிறது என்று தனக்குள் படித்துப் பார்க்காமலே, நத்தக்கரையில் மாலை நாலு மணிக்கு மேல் பணியில் மருத்துவர் இல்லை என்று வாய்விட்டு வாசித்தார். வாசித்த பிறகுதான் வாசித்தது என்னவென்று அவருக்கே புரிந்தது. அவை சலசலத்தது. உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். உரிய நடவடிக்கைக்குத் தேதி கிடையாது. அவள் இன்னும் உட்காரவில்லை. எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டாள், சந்தையில் கீரை விலை கேட்கிற குரலில்தான் கேட்டாள். அமைச்சர் தனபாலனைப் பார்த்தார், தனபாலன் தன் கையிலிருந்த டைரியைப் பார்த்தார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இரவு நேரத்துக்கு ஒரு மருத்துவர் நியமிக்கப்படுவார் என்று அமைச்சர் சொன்னார். நடுமேஜையில் பென்சில்கள் ஓடின. அவள் உட்கார்ந்தாள். மரியசூசை ஒரு மிட்டாயை அவள் பக்கம் தள்ளிவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டார். தனபாலன் டைரியை மூடி ரப்பர் பேண்டைப் போட்டார், அதற்கப்புறம் திரும்பவே இல்லை. பட்டியலில் மேலே இருந்த பெயர் இனி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பதினோரு மணி அடித்ததும் வராந்தாவுக்கு வந்தாள். பாதுகாவலரிடம் கொடுத்திருந்த செல்போனை வாங்கி, மனு நகலைத் தூணோரத்து வெளிச்சத்தில் பிடித்து, எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினாள். அந்தப் பக்கம் காற்றும் வாழையிலை உரசுகிற சத்தமும் முதலில் வந்தன, அப்புறம் சுடலைக்கண்ணு. அவள் யாரென்று சொன்னதும், அம்மா, டிவியில ஒங்கள காட்டுனாங்கன்னு மச்சான் இப்பத்தான் சொன்னான் என்றான். டாக்டர் வருவாராமே என்றான். வருவார், வரலேன்னா எனக்குச் சொல்லு, நான் பதவியில இருந்தாலும் இல்லேன்னாலும் சொல்லு என்றாள். சரிம்மா என்றான். அவள் போனை வைக்கவில்லை.

"தம்பி, அன்னைக்கு ஒன்னு கேக்காம வந்துட்டேன். ஒன் வீட்டுக்காரி பேரு என்ன?"

"ராசக்கனிம்மா" என்றான். பிறகு தயக்கத்தோடு, "ஏம்மா, ஏதும் ஃபாரத்துல எழுதணுமா?" என்று கேட்டான்.

"இல்லப்பா" என்றாள் ஆவுடையம்மாள். "எனக்குத் தெரியணும்னுதான் கேட்டேன்."